ஆள் எடுக்கும்போது எங்கே சறுக்குகிறோம்? கொங்கு நாட்டுச் சிறுதொழில்காரர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

தீபாவளிக்கு ஊருக்குப் போன ஆபரேட்டர் திரும்பி வரவில்லை. போன் போட்டால் சுவிட்ச் ஆஃப். போனஸ் கைக்கு வந்த கையோடு வேறு கம்பெனியில் பேசி முடித்துவிட்டார் என்று டீக்கடையில் தகவல் வருகிறது. இரண்டு மெஷின் சும்மா நிற்கிறது, வெள்ளிக்கிழமை டெலிவரி. கேட்டில் 'ஆட்கள் தேவை' அட்டையைத் தொங்கவிடுகிறோம். மறுநாள் வெள்ளனே முதலில் வந்து நிற்கிறவரிடம் இரண்டு கேள்வி கேட்டுவிட்டு, "சரிங்க, நாளைக்கே வந்துருங்க" என்று சொல்லிவிடுகிறோம்.

கோவையில் பம்ப் செட், திருப்பூரில் பனியன், சோமனூர் பக்கம் தறி, கரூரில் வீட்டு உபயோகத் துணி, நாமக்கல்லில் லாரி பாடி என்று எந்தத் தொழிலை எடுத்தாலும் கதை இதுதான். நான் கணபதி பக்கம் 19 வருஷமாக மெஷின் ஷாப் ஓட்டுகிறேன். பம்புக்கு ஷாஃப்ட், புஷ் கடைந்து கொடுக்கிற ஜாப் ஆர்டர் வேலை. இப்போது 24 பேர் இருக்கிறார்கள். இந்த 19 வருஷத்தில் மெஷின் வாங்கி ஏமாந்தது ஒரே ஒரு தடவை. ஆள் எடுத்து ஏமாந்தது எத்தனை தடவை என்று எண்ணுவதை விட்டுவிட்டேன்.

யோசித்துப் பார்த்தால் காரணம் எளிது. ட்ராயிங் கைக்கு வராமல் ஒரு ஜாப்பை மெஷினில் ஏற்ற மாட்டோம். ஃபர்ஸ்ட் பீஸ் ஓகே ஆகாமல் லாட் ஓட்ட மாட்டோம். ஆளைச் சேர்க்கும்போது மட்டும் ட்ராயிங்கும் கிடையாது, ஃபர்ஸ்ட் பீஸும் கிடையாது. நேராக லாட்தான்.

1. முதலில் ட்ராயிங்

ஆள் தேடக் கிளம்பும் முன் ஒரு தாளை எடுங்கள். இந்த ஆள் காலையில் வந்ததிலிருந்து பொழுதோட கிளம்புகிற வரை என்னென்ன செய்வார் என்று எழுதுங்கள். 'சி.என்.சி ஆபரேட்டர்' என்று இரண்டு வார்த்தையில் எழுதினால் போதாது. புரோகிராம் போடுவாரா, போட்டுக் கொடுத்ததை ஓட்டுவாரா? செட்டிங் யார் செய்வது? அளவு பார்ப்பது அவரா, தனி செக்கரா? சிப் (கடையும்போது விழுகிற இரும்புச் சுருள்) அள்ளுவதும் அவர் வேலையா? நைட் ஷிப்ட் உண்டா?

எழுதும்போதே தெரிந்துவிடும், பாதிப் பேர் கேட்பது ஒரு ஆள் இல்லை, மூன்று ஆள் என்று. கணக்குப் பிள்ளை வேண்டும் என்பார்கள். டாலி போடணும், ஜி.எஸ்.டி பார்க்கணும், பேங்குக்குப் போகணும், போன் எடுக்கணும், மூன்றரை மணிக்கு ஓனர் வீட்டுக் குழந்தையைப் பள்ளிக்கூடத்தில் இருந்து கூட்டி வரணும். அந்த வேலைக்கு வந்த பெண் ஆறு மாதத்தில் நின்றுவிட்டால், "இந்தக் காலத்துப் புள்ளைங்க நிலைக்கிறதே இல்லைங்க" என்று சலிப்பு வேறு.

இன்னொன்றும் எழுத வேண்டும்: போனவர் ஏன் போனார்? இதற்கு நேர்மையாகப் பதில் எழுதாமல் அடுத்தவரைத் தேடினால் அவரும் அதே காரணத்துக்காகத்தான் போவார்.

2. சம்பளக் கணக்கைப் பேசும் முன்னே போட்டுவிடுங்கள்

"பதினஞ்சாயிரம் தர்றோம்" என்று சொல்லிச் சேர்க்கிறோம். மாதக் கடைசியில் கவரைப் பிரித்தவர் முகம் சுருங்குகிறது. "என்னங்ணா, பதினஞ்சுன்னு சொல்லிப்போட்டு பதிமூணு குடுக்கிறீங்க?"

கணக்கு இப்படி. சம்பளம் 15,000 முழுக்க அடிப்படையும் பஞ்சப்படியும்தான் என்று வைத்துக்கொள்வோம். பி.எஃப் (வருங்கால வைப்பு நிதி) 12 சதவீதம், 1,800 ரூபாய். இ.எஸ்.ஐ (தொழிலாளர் காப்பீடு) 0.75 சதவீதம், 113 ரூபாய். கையில் வருவது 13,087. உங்கள் பக்கம் பி.எஃப்புக்கு 12 சதவீதமும் அதற்கு மேல் நிர்வாகச் செலவு, காப்பீடு என்று ஒரு சதவீதமும் சேர்ந்து 1,950. இ.எஸ்.ஐ 3.25 சதவீதம், 488. ஆக உங்களுக்கு அந்த ஆள் 17,438 ரூபாய். இதில் தீபாவளி போனஸ் சேரவில்லை.

இந்த இரண்டு எண்ணையும், 13,087 என்றும் 15,000 என்றும், முதல் நாளே வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். பிடித்தம் போகும் இடத்தையும் சொல்லுங்கள். சிங்காநல்லூர் இ.எஸ்.ஐ ஆஸ்பத்திரியில் குடும்பத்துக்கே வைத்தியம் பார்க்கலாம் என்பது பலருக்கு 113 ரூபாயின் அர்த்தம் புரியவைக்கும்.

பத்துப் பேர் இருந்தால் இ.எஸ்.ஐ, இருபது பேர் இருந்தால் பி.எஃப் என்பது பொதுக் கணக்கு. இ.எஸ்.ஐ-க்குச் சம்பள உச்சவரம்பு மாதம் 21,000. பத்தொன்பதோடு நிறுத்திக்கொண்டு இருபதாவது ஆளை வேறு பெயரில் எழுதுகிற சாமர்த்தியசாலிகளை எனக்குத் தெரியும். இன்ஸ்பெக்‌ஷனில் மாட்டினால் பழைய பாக்கி, வட்டி, அபராதம் எல்லாம் சேர்ந்து வரும். அடிப்படைச் சம்பளத்தைக் குட்டியாக வைத்து மீதியை அலவன்ஸாகப் பிரிக்கிற பழைய வித்தையும் இனி ஓடாது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகளின்படி, விலக்கப்பட்ட அலவன்ஸ்கள் மொத்தத்தில் பாதியைத் தாண்டினால் தாண்டிய தொகையும் சம்பளமாகவே கணக்காகும்.

3. ஒரே வாசலில் நிற்காதீர்கள்

கேட்டில் அட்டை, வாட்ஸ்அப் குரூப், இருக்கிற ஆளிடம் "உங்க ஊர்ல யாராச்சும் இருக்காங்களா?" என்று கேட்பது. நம் ஆட்கள் தேடுவது இந்த மூன்று வழியில்தான். மூன்றும் தப்பில்லை. ஆனால் மூன்றுமே அவசரத்துக்கு உதவுகிற வழிகள். ஒரே ஊரில் இருந்து ஆறு பேரை எடுத்தால் அந்த ஊர் மாரியம்மன் நோம்பிக்கு ஆறு மெஷினும் ஒன்றாக நிற்கும். இது எனக்கே நடந்தது.

அவசரமில்லாத காலத்தில் செய்ய வேண்டியது ஐ.டி.ஐ, பாலிடெக்னிக் பக்கம் போவது. பயிற்சியாளர் சட்டப்படி 4 பேர் இருக்கிற நிறுவனமே அப்ரண்டிஸ் எடுக்கலாம், 30 பேரைத் தொட்டால் கட்டாயம். தேசிய பயிற்சி ஊக்குவிப்புத் திட்டத்தில் உதவித்தொகையில் 25 சதவீதம், மாதம் 1,500 ரூபாய் வரை, மத்திய அரசு தருகிறது. என்னிடம் இன்று செட்டராக இருக்கிற மூன்று பேரில் இரண்டு பேர் அப்ரண்டிஸாக வந்தவர்கள்தான். மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகம் நடத்தும் தனியார் வேலைவாய்ப்பு முகாம்களில் மேசை போட்டு உட்காரலாம், காசு கிடையாது. தமிழ்நாடு அரசின் தனியார் வேலைவாய்ப்பு இணையதளத்திலும் பதியலாம்.

4. ஒரம்பரை (சொந்தக்காரர்) சிபாரிசு

இதை எழுதும்போது வீட்டில் யாரும் படிக்கக் கூடாது என்று வேண்டிக்கொள்கிறேன்.

ஒரு கல்யாண வீட்டில், பந்தியில் பக்கத்து இலை. "நம்ம பையன்தானுங்க மாப்ள, சும்மா இருக்கிறான். உங்க கம்பெனியில பார்த்துப் போட்டு விடுங்க." இலையில் சோறு இருக்கும்போது யாரும் முடியாது என்று சொல்வதில்லை. நானும் சொல்லவில்லை. ஸ்டோர்ஸில் உட்காரவைத்தேன். நல்ல பையன், மரியாதை உண்டு. ஆனால் எண்ணிக்கை வராது. இன்சர்ட் (மெஷினில் மாட்டுகிற வெட்டு முனை) பெட்டி எத்தனை போனது, எத்தனை இருக்கிறது என்று கேட்டால் மூன்று நாளில் மூன்று பதில். வெளி ஆளாக இருந்தால் இரண்டே மாதத்தில் பேசி முடித்திருப்பேன். ஒரம்பரையாகப் போனதால் ஒன்றரை வருஷம் ஓடியது. கடைசியில் அனுப்பியபோது இரண்டு வருஷம் அந்த வீட்டு விசேஷத்துக்கு எங்களுக்குப் பத்திரிகை வரவில்லை.

அதன் பிறகு ஒரு வழி வைத்துக்கொண்டேன். சிபாரிசு எங்கிருந்து வந்தாலும் "அனுப்பி விடுங்க, ட்ரையல் பார்த்துட்டு எங்க சூப்பர்வைசர் சொல்லுவாருங்க" என்பேன். முடிவை என் கையில் இருந்து எடுத்து இன்னொருவர் கையில் வைத்துவிட்டேன். கோபப்பட்டாலும் சூப்பர்வைசர் மேல் படட்டும். அவருக்கு அவர்கள் ஒரம்பரை இல்லை.

சிபாரிசோடு ஒட்டியது இன்னொன்று. வேலை கேட்டு வந்தவரிடம் "எந்த ஊருங்க" என்று தொடங்கி "குலதெய்வம் எந்தக் கோயிலுங்க" என்று போய் நிற்கிற விசாரணை. எதற்காகக் கேட்கிறோம் என்று கேட்பவருக்கும் தெரியும், பதில் சொல்பவருக்கும் தெரியும். அந்தப் பதிலுக்கும் அவர் மைக்ரோமீட்டர் பிடிக்கிற கைக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. கேட்காதீர்கள். அடுத்த நாற்காலியில் உட்கார்ந்து கேட்கிற மாமனாரையும் தடுங்கள். பெண்களிடம் "கல்யாணம் எப்போ, குழந்தை எப்போ" என்று கேட்பதும் இதே ரகம்.

5. போனில் ஐந்து நிமிஷம்

நேரில் வரச்சொல்லும் முன் போனில் மூன்று விஷயம் முடித்துவிடலாம். எங்கே குடியிருக்கிறார், எப்படி வருவார், ஷிப்ட் நேரம் ஒத்துவருமா. அன்னூரில் இருப்பவருக்குக் குறிச்சியில் வேலை என்றால் காலையில் வந்துவிடுவார். இரவு பத்தரைக்கு ஷிப்ட் முடிந்தால் எதில் போவார்? வண்டி வைத்திருக்கிறாரா? மழைக்காலத்திலும் அதேதானா? நல்ல ஆபரேட்டர் ஒருவரைக் கடைசி பஸ்ஸுக்காக இழந்திருக்கிறேன். அவரிடம் சேரும்போதே கேட்டிருந்தால் அரை மணி முன்னால் ஷிப்ட்டை மாற்றியிருப்பேன்.

சம்பள எதிர்பார்ப்பையும் போனிலேயே கேட்டுவிடுங்கள். 25,000 எதிர்பார்ப்பவரை வரவழைத்து 16,000 என்று சொல்வது இரண்டு பேருக்கும் அரை நாள் கூலி நஷ்டம்.

6. நேரில் பேசும்போது

ஓனர்கள் செய்கிற பெரிய தப்பு, தாமே பேசுவது. எப்படி லேத் ஒன்றை வைத்து ஆரம்பித்தோம் என்று சொல்ல ஆரம்பித்தால் வந்தவர் தலையாட்டிக்கொண்டே இருப்பார். நாமும் "தன்மையான பையன்" என்று முடிவு கட்டிவிடுவோம்.

"மில்லிங் தெரியுமா?" என்றால் "தெரியுங்க" என்றுதான் வரும். "போன கம்பெனியில் கடைசியா எந்த ஜாப் ஓட்டுனீங்க? மெட்டீரியல் என்ன? ஷிப்டுக்கு எத்தனை பீஸ் வந்தது? ரிஜெக்‌ஷன் வந்தப்போ என்ன பண்ணுனீங்க?" என்று கேளுங்கள். வேலை செய்தவர் பதில் சொல்லும்போது கை தானாக அசையும், ஜாப்பின் வடிவத்தைக் காற்றில் காட்டுவார். செய்யாதவர் பொதுவாகவே பேசுவார்.

7. ஃபர்ஸ்ட் பீஸ்

மற்றதை எல்லாம் விட்டாலும் இந்த ஒன்றை மட்டும் விடாதீர்கள். நான் இதைக் கற்றுக்கொண்டது 140 ஷாஃப்ட் விலையில்.

ஒருவர் வந்தார். ஒன்பது வருஷ அனுபவம், சான்றிதழ் எல்லாம் சுத்தம். இரண்டாவது வாரமே நைட் ஷிப்ட் கொடுத்தேன். 25 மில்லி ஷாஃப்ட், 20 மைக்ரானுக்குள் நிற்க வேண்டும். இன்சர்ட் தேயத் தேய சைஸ் ஏறும், அது இயல்பு. அவரும் பார்த்து ஆஃப்செட்டில் (மெஷினுக்குக் கொடுக்கிற அளவுத் திருத்தம்) குறைத்துக்கொண்டே வந்திருக்கிறார், அதுவரை சரி. நடு ராத்திரியில் புது இன்சர்ட் மாற்றியவர், குறைத்து வைத்த ஆஃப்செட்டைத் திருப்பி எடுக்கவில்லை. விடியும்வரை ஓடியதெல்லாம் அளவு குறைவு. சைஸ் கூடியிருந்தால் இன்னொரு தடவை ஓட்டலாம். குறைந்துபோனதைக் கூட்ட முடியுமா? 140 ஷாஃப்ட் ஸ்கிராப்.

விசாரித்தால், ஒன்பது வருஷமும் அவர் வேலை செய்த பெரிய கம்பெனியில் செட்டிங்குக்குத் தனி ஆள், அளவுக்குத் தனி ஆள். இவர் ஜாப்பை மாட்டி பட்டனைத் தட்டியிருக்கிறார். அவர் என்னிடம் ஒரு பொய்யும் சொல்லவில்லை. நான்தான் கேட்கவில்லை.

இப்போது என் ட்ரையல் இப்படி. ஒரு ஷாஃப்ட், ஒரு மைக்ரோமீட்டர், ட்ராயிங். மூன்று இடத்தில் அளந்து எழுதச் சொல்வேன். ஷாஃப்ட்டில் வேண்டுமென்றே ஆயில் இருக்கும், ஓரத்தில் சின்னதாகப் பர் (உலோகப் பிசிறு) இருக்கும். பக்கத்தில் பனியன் வேஸ்ட் ஒரு குவியல். (திருப்பூரில் வெட்டியெறிந்த துணிதான் கோவையில் மெஷின் துடைக்கிறது, தெரியுமல்லவா?) வேலை தெரிந்தவர் முதலில் வேஸ்ட்டை எடுத்து ஷாஃப்ட்டைத் துடைப்பார். மைக்ரோமீட்டரை மூடி ஜீரோ பார்ப்பார். விரலால் தடவிப் பரைக் கண்டுபிடிப்பார். அளவு சொல்வது அதற்கப்புறம்தான். துடைக்காமல் நேராக அளந்து மூன்று தசமத்துக்குச் சரியாகச் சொன்னவரை நான் எடுக்கவில்லை. துடைத்து, ஜீரோ பார்த்து, ஒரு இடத்தில் தப்பாகப் படித்த பையனை எடுத்தேன். படிக்கக் கற்றுக்கொடுக்க ஒரு வாரம் போதும்.

திருப்பூரில் பவர் டேபிள் (பனியன் தைத்துக் கொடுக்கிற யூனிட்) வைத்திருக்கிற என் சித்தி மகள், ஓவர்லாக் டெய்லர் வந்தால் பத்து பீஸுக்குக் கழுத்து ரிப் ஏற்றச் சொல்வாள். முதல் பீஸைப் பார்க்கவே மாட்டாள். "முதல் பீஸ் எல்லாருக்கும் நல்லாத்தான் வரும்ணா. பத்தாவது பீஸ்தான் அவங்க கை." நூல் அறுந்தால் தானே கோர்க்கிறாரா, மெக்கானிக்கைக் கூப்பிடுகிறாரா என்றும் ஓரக்கண்ணால் பார்த்துக்கொள்வாள்.

கணக்குக்கு ஆள் என்றால் பத்து பில்லைக் கொடுத்து டாலியில் ஏற்றச் சொல்லுங்கள். அதில் ஒன்று பாலக்காட்டுக் கடை பில்லாக இருக்கட்டும். ஜி.எஸ்.டி எண் 32 என்று தொடங்கும், ஆனால் பில்லில் தப்பாக மத்திய வரி, மாநில வரி என்று இரண்டாகப் பிரித்துப் போட்டிருக்க வேண்டும். கேரளாவில் இருந்து நமக்கு வருகிற சரக்குக்கு ஐ.ஜி.எஸ்.டி அல்லவா வரணும் என்று நிமிர்ந்து கேட்கிறவர்தான் உங்கள் ஆள். டிரைவர் என்றால் ரிவர்ஸ் எடுப்பதைப் பார்ப்பதற்கு முன், சாவியை வாங்கியதும் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி டயரைப் பார்க்கிறாரா என்று பாருங்கள்.

ட்ரையலுக்குக் கூலி கொடுங்கள். அரை நாள் என்றால் அரை நாள் கூலி, தேறினாலும் தேறாவிட்டாலும். "மூணு நாள் வந்து செஞ்சு காட்டுங்க, பார்க்கலாம்" என்று சும்மா வேலை வாங்குகிற கம்பெனியின் பெயர் ஒரே மாதத்தில் எல்லா டீக்கடைக்கும் போய்விடும். ஓடுகிற மெஷினில் ட்ரையல் பார்ப்பதாக இருந்தால் பக்கத்தில் ஒருவர் நிற்க வேண்டும். கையில் அடிபட்டால் ட்ரையல் என்று சொல்லித் தப்பிக்க முடியாது.

8. பழைய கம்பெனிக்கு ஒரு போன்

நம் பக்கம் யாரும் இதைச் செய்வதில்லை. செய்தாலும் "ஆள் எப்படிங்க?" என்று கேட்டுவிட்டு "நல்ல பையன்தானுங்க" என்ற பதிலோடு வைத்துவிடுகிறோம். வேறு விதமாகக் கேளுங்கள். எந்த மெஷினில் நின்றார்? லீவ் சொல்லி எடுப்பாரா, சொல்லாமலா? மறுபடி வந்து கேட்டால் சேர்த்துக்கொள்வீர்களா? கடைசிக் கேள்விக்கு மறுமுனையில் வருகிற இடைவெளியைக் கவனியுங்கள். இப்போது வேலையில் இருக்கிற கம்பெனிக்கு மட்டும் அவர் சம்மதம் இல்லாமல் போன் போடக் கூடாது. அவர் வேலைக்கே உலை வைத்துவிடுவீர்கள்.

ஆவணங்களில் ஆதார் நகல், வயதுக்குச் சான்று, பேங்க் விவரம், முன்பே பி.எஃப் இருந்தால் அந்த யு.ஏ.என் எண். பழைய எண் இருக்கும்போது புதிதாக ஒன்று எடுத்தால் பணம் இரண்டு இடத்தில் சிக்கி, அலைவது அவர். டிரைவர் லைசென்ஸைப் பரிவாஹன் என்கிற அரசு இணையதளத்தில் சரிபார்ப்பது இரண்டு நிமிஷ வேலை. வயதில் கறாராக இருங்கள். 14 வயதுக்குக் கீழே எந்த வேலையும் கிடையாது, 18 வரை ஆபத்தான வேலை கிடையாது. "லீவுக்குத்தானுங்க வர்றான்" என்று பெற்றவரே கூட்டி வந்தாலும் சரி.

அசல் சான்றிதழை வாங்கிப் பெட்டியில் பூட்டி வைப்பது சிலருக்குப் பழக்கம். பார்த்துவிட்டு அப்போதே திருப்பிக் கொடுங்கள். சர்டிபிகேட்டுக்காக நிற்கிற ஆள் மனசு வைத்து வேலை செய்ய மாட்டார்.

9. அட்வான்ஸ்

பள்ளிபாளையம், குமாரபாளையம் தறிப் பக்கம் அட்வான்ஸ் கொடுத்து ஆள் பிடிக்கிற வழக்கம் பழசு. இன்று எல்லாத் தொழிலுக்கும் பரவிவிட்டது. "முப்பதாயிரம் குடுத்தா நாளைக்கே வர்றேங்க." கொடுத்தால், பழைய கம்பெனிக் கடனை அடைத்துவிட்டு உங்களிடம் வருவார். ஆறு மாதம் கழித்து இன்னொருவர் ஐம்பது கொடுத்தால் உங்கள் கடனை அடைத்துவிட்டு அங்கே போவார். நீங்கள் எடுத்தது ஆளை இல்லை, ஒரு கடனை.

சட்டமும் இதில் கடுமை. அட்வான்ஸைக் காட்டி ஒருவரைப் போகவிடாமல் நிறுத்துவது 1976-ஆம் வருஷக் கொத்தடிமை ஒழிப்புச் சட்டத்தில் போய் நிற்கும். நூற்பாலைகளில் மூன்று வருஷம் வேலை செய்தால் கடைசியில் கல்யாணத்துக்கு மொத்தத் தொகை என்று இளம்பெண்களைச் சேர்த்த திட்டம் நம் வட்டாரத்துக்கு எவ்வளவு கெட்ட பெயர் வாங்கித் தந்தது என்பது எல்லோருக்கும் தெரியும்.

சேரும்போது அட்வான்ஸ் கிடையாது என்று அட்டையிலேயே எழுதிவிட்டேன். மூன்று மாதம் முடிந்தபின் ஆஸ்பத்திரி, பள்ளிக்கூட ஃபீஸ் என்று கேட்டால் உண்டு. அதிகபட்சம் ஒரு மாதச் சம்பளம். எவ்வளவு பிடிப்போம் என்று எழுதி இருவரும் கையெழுத்து.

10. கடிதமும் இ.எஸ்.ஐ-யும்

"நம்ம கம்பெனியில லெட்டர் எல்லாம் எதுக்குங்க" என்று கேட்ட காலம் போய்விட்டது. புதிய சட்டத் தொகுப்புப்படி தொழிலாளிக்கு நியமனக் கடிதம் கொடுத்தாக வேண்டும். ஒரு பக்கம் போதும், தமிழில் இருக்கட்டும். வேலை, சம்பளம், பிடித்தம், ஷிப்ட், வார விடுமுறை, ஓ.டி கணக்கு, தகுதிகாண் காலம், நின்றுகொள்வதாக இருந்தால் எத்தனை நாள் முன் சொல்ல வேண்டும். முதலில் எழுதிய ட்ராயிங் தாளே இதற்குப் பாதி வேலையை முடித்திருக்கும்.

இ.எஸ்.ஐ-யில் எல்லோரும் செய்கிற தப்பு: "ஒரு மாசம் நிக்கிறானான்னு பார்த்துட்டுப் போடலாம்." விபத்து ஒரு மாதம் காத்திருக்காது. மெஷினுக்குப் புதியவர்தான் முதலில் அடிபடுவார். பத்து நாளுக்குள் பதிய வேண்டும் என்பது விதி, நான் சேருகிற அன்றைக்கே பதிந்துவிடுகிறேன். பிரஸ் மெஷினில் விரல் போன ஒருவருக்கு, அன்று மதியம்தான் அவசரமாகப் பெயர் ஏற்றிய கம்பெனி ஒன்றைத் தெரியும். பதிவு நேரமும் விபத்து நேரமும் காகிதத்தில் பக்கத்துப் பக்கத்தில் நின்றன.

பெண்கள் வேலை செய்கிற இடம், பத்துப் பேரோ அதற்கு மேலோ என்றால் பாலியல் தொல்லைப் புகாருக்கு உள்குழு அமைத்திருக்க வேண்டும், 2013 சட்டம். சேருகிற அன்றே குழுவில் யார் யார் என்று சொல்லிவிடுங்கள்.

11. முதல் வாரம்

புதிதாக வந்தவரை மெஷின் முன் நிறுத்திவிட்டு நாம் போய்விடுகிறோம். பாத்ரூம் எங்கே, டீ எத்தனை மணிக்கு, சோற்றுப் பாத்திரத்தை எங்கே வைப்பது என்று கேட்கக் கூச்சப்பட்டு நிற்பார். மதியம் எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து சாப்பிட, இவர் மெஷின் ஓரத்தில் தனியாகச் சாப்பிடுவார். மூன்றாம் நாள் வர மாட்டார். "சோம்பேறி" என்போம்.

ஒரு பழைய ஆளிடம் ஒப்படையுங்கள், பெயர் சொல்லி. அந்த ஒரு வாரம் பழைய ஆளுக்கு உற்பத்திக் கணக்கில் கொஞ்சம் தளர்த்திக் கொடுங்கள். இல்லாவிட்டால் அவர் புதியவரை இடைஞ்சலாகத்தான் பார்ப்பார். எமர்ஜென்சி பட்டனை முதல் நாளே அவர் கையால் ஒரு தடவை அழுத்தவையுங்கள்.

12. வெளிமாநிலத்தில் இருந்து வருபவர்கள்

ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் ஆட்கள் இல்லாமல் இன்று திருப்பூரும் ஓடாது, கோவை ஃபவுண்டரியும் ஓடாது. அவர்களை மேஸ்திரி மூலம் மொத்தமாக எடுத்து, சம்பளத்தையும் மேஸ்திரி கையில் கொடுப்பதுதான் தப்பு. அவர் எவ்வளவு பிடிக்கிறார் என்பது உங்களுக்குத் தெரியாது, வாங்குபவருக்கு நீங்கள் யார் என்றே தெரியாது. சம்பளத்தை அவரவர் பேங்க் கணக்கில் போடுங்கள். பாதுகாப்பு அட்டையை இந்தியிலும் ஒடியாவிலும் எழுதி ஒட்டுங்கள். அவர்களில் ஒருவரையே படித்துக் காட்டச் சொல்லுங்கள்.

2023 மார்ச்சில் வெளிமாநிலத்தவர் தாக்கப்படுவதாகப் பொய் வீடியோக்கள் பரவியபோது பலர் பயந்து ரயில் ஏறினார்கள். அந்த வாரம் ஓனர் நேரில் போய் உட்கார்ந்து பேசிய இடங்களில் ஆட்கள் நின்றார்கள் என்பது நான் என் வட்டத்தில் கண்டது. இன்னொன்று, தீபாவளி முடிந்த ஆறாவது நாள் பீகாரில் சத் பூஜை. அதற்குப் போனவர் நம் அவசரத்துக்காகத் திரும்ப மாட்டார். டெலிவரித் தேதியை அதைப் பார்த்து ஒப்புக்கொள்ளுங்கள்.

13. சரிப்படவில்லை என்றால்

30-ஆம் நாள், 60-ஆம் நாள், 90-ஆம் நாள் என்று காலண்டரில் குறித்துவைத்துப் பத்து நிமிஷம் உட்கார்ந்து பேசுங்கள். எது சரி, எது போதவில்லை என்று நேராகச் சொல்லுங்கள். 89 நாள் ஒன்றும் சொல்லாமல் இருந்துவிட்டு 90-ஆம் நாள் "நாளைல இருந்து வேண்டாங்க" என்பது அவருக்குச் செய்கிற அநியாயம்.

அனுப்புவது என்று முடிவானால் தள்ளிப்போடாதீர்கள். மெஷின் ஓரத்தில் எல்லோர் முன்னாலும் பேச வேண்டாம், ஆபீசில் உட்காரவைத்துப் பேசுங்கள். புதிய சட்டப்படி கணக்கை இரண்டு வேலை நாளுக்குள் முடிக்க வேண்டும். "அடுத்த மாசம் பத்தாம் தேதி வந்து வாங்கிக்கங்க" என்று அலையவிட்டால் அவர் நேராகத் தொழிலாளர் துறைக்குப் போவார், போகவும் வேண்டும்.

தானாக நின்றுகொள்பவர் என்றால் கணக்கு முடிக்கும்போது ஒரு டீ வாங்கிக் கொடுத்து, என்ன சிரமம் என்று கேட்டுவிடுவேன். கையில் பணம் வந்தபிறகுதான் உண்மையைச் சொல்வார்கள். போன மாதம் நின்ற பையன் ரொம்ப நேரம் தயங்கிவிட்டு, "ஒண்ணுமில்லைங்ணா, நாலாம் நம்பர் மெஷின் கம்ப்ரஸர் பக்கத்துல இருக்குதுங்க. நெம்ப வெக்கை. ஒரு ஃபேன் இல்லீங்க" என்றான். அந்த மெஷினில் இரண்டு வருஷத்தில் நின்றவர்கள் மூன்று பேர். மறுநாள் ஃபேன் வாங்கிச் சுவரில் அடித்துவிட்டு அந்தப் பையனுக்குப் போன் போட்டேன். வேறு இடத்தில் சேர்ந்துவிட்டானாம்.